தலைவலிக்கு மருந்து சுவரிலே!

"வைத்தியரய்யா... உங்க மருந்து சாப்பிட்டா வீட்டுல இருக்கிறப்போ நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை தலைவலியே கிடையாது. திங்கட்கிழமை மத்தியானம் ஆனா மறுபடி ஆரம்பிச்சுடுது!"

இப்படிச் சொன்னவர் பள்ளத்தூரில் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். வயது முப்பத்திரண்டு. இரண்டு புருவங்களுக்கும் நடுவில் வலி, கண் எரிச்சல், சாயங்காலம் ஆனால் எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிகிற மாதிரி ஒரு மயக்கம். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கண் மருத்துவரிடம் அனுப்பிப் பார்த்தேன். கண்ணாடிப் பவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

நானும் விடவில்லை. தலைக்குச் சுக்குத் தைலம், வாரம் இரண்டு முறை எண்ணெய்க் குளியல், உணவில் பத்தியம் என்று மூன்று வாரம் வைத்தியம் செய்தேன். அந்த மூன்று வாரமும் நான் கவனிக்கத் தவறிய விஷயம், அவர் முதல் நாளே சொன்ன அந்த 'ஞாயித்துக்கிழமை'தான்! கிழமை பார்த்து லீவு எடுக்கிற தலைவலி நான் படித்த எந்தச் சுவடியிலும் இல்லை. அப்படியென்றால் நோய் உடம்பில் மட்டும் இல்லை, இடத்திலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"உங்க ஆபீஸை நான் ஒரு தடவை பார்க்கலாமா, அம்மா?" என்று கேட்டேன்.

2023ஆம் வருஷம் ஐப்பசி மாதம். அடைமழை. வெளியே பகல் பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு இருந்தது. பழைய நகரத்தார் வீடு ஒன்றின் முன்பக்க அறையில்தான் அலுவலகம். மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர். சுவரும் உத்தரமும் சேர்கிற இடத்தில் சுற்றிலும் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் ஒட்டியிருந்தார்கள். மூடி கிடையாது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அந்தப் பெண்ணின் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் எனக்கே கண் கூச ஆரம்பித்துவிட்டது!

சுவரின் மேல் இரண்டடி மட்டும் பளீரென்று எரிந்தது. அதற்குக் கீழே மளமளவென்று இருட்டு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த சுவர் ஏறக்குறையக் கறுப்பு. போதாததற்கு, செட்டிநாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு அல்லவா? ஸ்ட்ரிப்பில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் சுவரில் இன்னொரு புள்ளியாகத் தெரிந்தது. ஆக, தலைக்கு மேலே இரண்டு வரிசை ஊசிகள்!

வைத்தியருக்கு இங்கே என்ன வேலை?

'சித்த வைத்தியர் லேகியம் பற்றி எழுதாமல் லைட்டைப் பற்றி எழுதுகிறாரே' என்று நீங்கள் நினைக்கலாம். சித்த மருத்துவத்தில் கண்ணுக்கு மட்டுமே 96 நோய்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. உடலில் இயங்கும் அழல் எனும் பித்தத்தை ஐந்தாகப் பிரிக்கும்போது, கண்ணில் இருந்துகொண்டு பொருள்களைக் காணச் செய்வதற்கு 'நோக்கழல்' என்று பெயர். வடமொழியில் ஆலோசகப் பித்தம். அழல் என்றாலே நெருப்பு. நெருப்பை அளவோடு வைத்தால் சோறு வேகும், அளவு மீறினால் அடி பிடிக்கும். பார்வையும் அப்படித்தான்.

இதையே இன்றைய கண் மருத்துவம் வேறு வார்த்தையில் சொல்கிறது. வெளிச்சம் கூடினால் கண்ணின் பாப்பா சுருங்கும், குறைந்தால் விரியும். எதிரே பளிச்சென்ற திரை, அதன் பின்னால் இருண்ட சுவர், மேலே கூசும் விளக்கு என்று இருந்தால், பார்வை நகரும்போதெல்லாம் கண் தன்னைச் சரி செய்துகொள்ள வேண்டும். கூச்சத்தைத் தடுக்க நாமே அறியாமல் புருவத்தைச் சுருக்குகிறோம். எட்டு மணி நேரம் புருவம் சுருங்கியே இருந்தால் நெற்றி வலிக்காமல் என்ன செய்யும்? அதோடு, திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். கண் உலர்ந்து எரிய அதுவே போதும்.

விளக்கு நிபுணர்கள் இதற்கு ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற திரையோ தாளோ மூன்று பங்கு வெளிச்சம் என்றால், அதைச் சுற்றியுள்ள பகுதி ஒரு பங்காவது இருக்க வேண்டும். தூரத்தில் இருக்கிற சுவரும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகக்கூடாது. 2021இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தர விதி, எழுதுகிற, டைப் செய்கிற மேஜைக்கு 500 லக்ஸ் கேட்பதோடு நிற்கவில்லை. அந்த அறையின் சுவருக்கு என்றே தனியாக 150 லக்ஸ் கேட்கிறது. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. சுவருக்கு வெளிச்சம் என்பது அலங்காரம் இல்லை, கண்ணுக்கு ஓய்வு!

அந்தக் காலத்து ஆபீஸ்

நம் பக்கத்து ஐயாக்களுக்கு இது தெரிந்தே இருந்தது. வட்டிக்கடைக் கணக்கெல்லாம் வீட்டில் வைத்தே எழுதிய காலம் அது. கணக்கப்பிள்ளை முன்பக்கத்தில் சாய்வு மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பார். வானத்து வெளிச்சம் முற்றத்தில் இறங்கும். வெள்ளைச் சுவரில் பட்டு, அங்கிருந்து அடுத்த சுவருக்குத் தாவி உள்ளே வரும். கூச்சம் இருக்காது, இருட்டும் இருக்காது.

அந்தச் சுவரின் பூச்சில் என்னவெல்லாம் சேர்ந்தது தெரியுமா? சுண்ணாம்பு, மணல், முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி, கடுக்காய் ஊறிய நீர். ஆம், நாங்கள் வயிற்றுக்குக் கொடுக்கிற அதே கடுக்காய்தான்! பல பூச்சாகப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நூறு வருஷம் ஆனாலும் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிற சுவர் அது.

ஆனால் ஒன்று. முற்றத்து வெளிச்சம் அகலமானது, மிருதுவானது. அது மெருகுச் சுவரில் பட்டால் அழகாக மினுங்கும். புள்ளி புள்ளியான எல்.ஈ.டி. பட்டால் புள்ளியாகத்தான் திருப்பி அடிக்கும். அதனால்தான் பட்டணத்து ஆபீஸில் நன்றாக இருக்கிற ஸ்ட்ரிப், நம்ம ஊர்ப் பழைய வீட்டில் கண்ணைக் குத்துகிறது. இன்றைக்கு ஆயில் பெயிண்ட் அடித்துப் பளபளக்கிற எந்தச் சுவருக்கும், டைல்ஸ் ஒட்டிய சுவருக்கும் இதே கதைதான்.

ஸ்ட்ரிப் என்பது என்ன?

நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் பார்க்கிற வெள்ளை எல்.ஈ.டி. பெரும்பாலும் இந்த நீல விளக்குதான். மேலே ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இந்தச் சின்னச் சின்ன விளக்குகளை நாடா மாதிரி வரிசையாக ஒட்டியதே ஸ்ட்ரிப். கடையில் பெரும்பாலும் ஐந்து மீட்டர் சுருளாகக் கிடைக்கும். வீட்டு மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டிக்கு 'டிரைவர்' என்று பெயர்.

வாங்கும்போது கவனியுங்கள்

1. புள்ளி எண்ணிக்கை: மீட்டருக்கு 60 விளக்கு இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வரும். சுவரில் புள்ளி தெரியும். 120 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். புள்ளியே தெரியாமல் ஒரே கோடாக எரிகிற 'சி.ஓ.பி.' ஸ்ட்ரிப் கிடைத்தால் இன்னும் நல்லது.

2. வோல்ட்: மீட்டருக்கு 10 வாட் என்றால் 3.6 மீட்டருக்கு 36 வாட். 12 வோல்ட்டில் அது 3 ஆம்பியர் இழுக்கும், 24 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர்தான். மின்னோட்டம் கூடக் கூட நாடாவின் கடைசி முனை மங்கும். ஆகவே 24 வோல்ட் நல்லது. ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள். நடுவிலிருந்தோ இரண்டு முனையிலிருந்துமோ கொடுக்கச் சொல்லுங்கள்.

3. நிறம்: பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 3000 மஞ்சள் சாயல், 6500 நீலச் சாயல். பகல் வேலைக்கு 4000 போதும். 'அதிக எண் அதிக வெளிச்சம்' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த எண் நிறத்தைத்தான் சொல்கிறது. எல்லாச் சுருளையும் ஒரே நேரத்தில், ஒரே தொகுப்பில் வாங்குங்கள். மறுமுறை வாங்கினால் சாயல் மாறிச் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும்.

4. சி.ஆர்.ஐ.: பொருளின் இயல்பான நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான மதிப்பெண். நூற்றுக்கு 80க்குக் குறையக்கூடாது. 90 இருந்தால் நல்லது.

5. டிரைவர்: இங்கேதான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், தலைவலியை வாங்குகிறார்கள். மட்டமான டிரைவரில் விளக்கு ஒரு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண் அதைப் பார்க்காது, ஆனால் உணரும். இங்கிலாந்தில் அர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அலுவலகக் குழல்விளக்குகளில் பழைய சோக்குக்குப் பதில் மினுக்கம் இல்லாத எலெக்ட்ரானிக் சோக் மாட்டியபோது, ஊழியர்களின் தலைவலியும் கண்சோர்வும் பாதிக்கும் கீழே போயின. எந்த விளக்கு என்பது அவர்களுக்குத் தெரியாமலே நடந்த சோதனை அது. பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள டிரைவராக, தேவைப்படும் வாட்டைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள்.

6. அலுமினியச் சட்டமும் பால் நிற மூடியும்: இரண்டும் கட்டாயம். சட்டம் சூட்டை இழுக்கும். நம் சீமையின் சித்திரை வெயிலில் சூடு தாங்காத ஸ்ட்ரிப் சீக்கிரம் மங்கிவிடும். மூடி புள்ளியைக் கரைக்கும். மூடிக்கும் விளக்குக்கும் நடுவே, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள இடைவெளி அளவாவது இடம் இருக்க வேண்டும்.

எங்கே பொருத்துவது?

சமமான வெளிச்சத்தின் ரகசியம் தூரம். சுவரோடு ஒட்டினால் மேலே பளீர், கீழே இருட்டு. சுவரின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகக் காட்டிக் கொடுக்கும். வெளிச்சம் விழ வேண்டிய உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் நல்லது. எட்டடி உயரத்துக்கு இரண்டடி. இடம் இல்லையென்றால் ஒரு முழமாவது தள்ளுங்கள். விளக்கின் முகம் சுவரைச் சாய்வாகப் பார்க்க வேண்டும், உங்களைப் பார்க்கக்கூடாது. உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தேவையானது தரையிலிருந்து மூன்றடி முதல் ஏழடி வரை உள்ள சுவர்தான். அங்கே சமமாக இருந்தால் போதும்.

வெள்ளைக் கூரை உள்ள வீட்டில் விளக்கை மேல்நோக்கி வைத்துக் கூரையிலிருந்து வெளிச்சத்தை இறக்கலாம். தேக்குப் பலகை வேய்ந்த செட்டிநாட்டுக் கூரையில் அது நடக்காது. கறுத்த மரம் வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

அந்த அலுவலகத்தில் இதைச் சொன்னதும் எலெக்ட்ரீஷியன் தம்பி துளை போடும் மிஷினோடு வந்துவிட்டார். வீட்டுக்காரர் ஆச்சி குறுக்கே வந்து நின்றார்.

"இங்க பாருங்க தம்பி, எங்க ஐயா கட்டின சுவரு இது. ஆணி கீணி அடிச்சு ஒரு சில்லு பேர்ந்துச்சுன்னா பூசுறதுக்கு இன்னைக்கு ஆள் இல்லை. லைட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்!"

ஆச்சி சொன்னது முழுக்க நியாயம். மெருகுப் பூச்சில் துளை போட்டால் சுற்றிலும் விரிசல் ஓடும். ஸ்ட்ரிப்பின் பின்னால் இருக்கிற பசையை நம்பினாலோ, சுவரை விட்டு ஒரு மாதத்தில் தொங்கும். கடைசியில் வழி சொன்னதும் ஆச்சிதான்.

"உத்தரத்துல அந்தக் காலத்து விளக்குக் கொக்கி எல்லாம் சும்மாத்தானே கிடக்கு? அதுல தொங்க விடுங்களேன்!"

அப்படியே செய்தோம். சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டடி தள்ளி, எட்டடி உயரத்தில் ஒரு மர ரீப்பர் தொங்கியது. அதன் சுவர்ப் பக்கத்தில் சட்டமும் பால் மூடியும் போட்ட ஸ்ட்ரிப். ஆட்கள் பக்கத்தில் மறைப்பாக ஓர் அகலப் பலகை. டிரைவரை மரப்பெட்டிக்குள் அடைக்காமல், காற்றுப்படும்படி அலமாரி மேல் வைத்தோம். பழைய மரமும் மின்கம்பியும் உரசுகிற இடத்திலெல்லாம் குழாய் போடச் சொன்னேன். சுவரில் ஒரு துளைகூட விழவில்லை.

பன்னிரண்டடி நீளச் சுவருக்கு 36 வாட். விளக்கிலிருந்து கிளம்புகிற வெளிச்சத்தில் பாதி சுவரில் விழுந்தாலே, நான் மேலே சொன்ன 150 லக்ஸ் ஏறக்குறையக் கிடைத்துவிடும். மின்சாரச் செலவு? தினம் எட்டு மணி நேரம் எரிந்தால், இருபத்தைந்து நாளுக்கு ஒரு சுவருக்குச் சுமார் ஏழு யூனிட்.

மேஜையை மறந்துவிடாதீர்கள். சுவர் விளக்கு சுவருக்குத்தான். தாளில் இருக்கிற எழுத்தைப் படிக்கத் தனி மேஜை விளக்கு வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு இது இன்னும் அவசியம். இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரையை எட்டுகிறது.

நீங்களே சோதிக்கலாம்

- ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து நிமிர்ந்து பாருங்கள். விளக்கின் புள்ளி நேராகவோ, சுவரிலோ, திரையிலோ தெரிந்தால் மூடியோ சாய்வோ சரியில்லை.
- கண்ணைப் பாதி மூடிச் சுவரைப் பாருங்கள். இருண்ட திட்டுகள் தாமாகவே தெரியும்.
- செல்போனில் லக்ஸ் அளக்கும் வசதி இருந்தால் சுவரில் ஒன்பது இடங்களில் அளந்து பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட உதவும். அதிகமான இடம் குறைவான இடத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது.
- விளக்கின் முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே விசிறியாகத் தெரிந்தால் சரி. பென்சில் பல துண்டாகத் தெரிந்தால் டிரைவர் மினுக்குகிறது. வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், குறைத்து வைத்தும் ஆட்டிப் பாருங்கள்.

ராத்திரி என்ன செய்வது?

'எல்.ஈ.டி. வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடுமா?' என்று பலர் பயந்து கேட்கிறார்கள். அலுவலகத்தில் இப்படிச் சுவரில் பட்டு வருகிற அளவு வெளிச்சம் விழித்திரையைக் கெடுக்காது. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். நீலம் கலந்த பலத்த வெளிச்சத்தை ராத்திரி நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் பொழுது சாய்ந்த பிறகு 3000 கெல்வின் விளக்கைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னலுக்கும் முற்றத்துக்கும் முதல் மரியாதை. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி மேஜையைப் போடுங்கள்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். வேண்டுமென்றே பத்துத் தடவை இமையுங்கள். இதற்குச் செலவு கிடையாது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தார்.

"இப்ப வாரத்துக்கு ஒரு தடவை லேசா வருது, வைத்தியரய்யா. அதுவும் மாசக் கடைசியில வேலை ஜாஸ்தியா இருந்தாத்தான். சுவர்ல நிமிர்ந்து பார்த்தா மங்கலா ஒரு வெள்ளைக் கோடு தெரியுது. குத்துறது இல்லை."

தைலத்தை நிறுத்திவிட்டேன். எண்ணெய்க் குளியல் மட்டும் தொடரச் சொன்னேன்.

அதே அறையில் இருந்த இன்னொருவருக்கு மட்டும் தலைவலி குறையவில்லை. நாற்பத்தாறு வயது. கண் மருத்துவரிடம் போனார். வெள்ளெழுத்து! கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. ஆக, எல்லாத் தலைவலிக்கும் சுவரே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ விளக்கையும் ஆராய வேண்டாம், என் தைலத்தையும் தேட வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, அடுத்த தடவை தலைவலி என்று மாத்திரைப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். 'ஞாயித்துக்கிழமையும் வலிக்குதா?' இல்லை என்றால், நிமிர்ந்து எதிரே இருக்கிற சுவரைப் பாருங்கள். நான் மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன். நீங்கள் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்!